தோலுக்குள் சீனி இறங்கும் நேரம்

பழத்தோலில் மிட்டாய் செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்களுக்கு வாயால் சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். செய்முறை என்று பார்த்தால் ஒரே வரிதான்: தோலை வேகவை, பாகில் போடு, ஊறவிடு, உலர்த்து. அதை வைத்துக்கொண்டு ஒரே சாயங்காலத்தில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். பல் இறங்காத கட்டியோ, சீக்கிரமே பூஞ்சணம் பிடிக்கிற பிசினோதான் மிஞ்சுகிறது. நல்ல தோல் மிட்டாய்க்கு ஒரு வாரம் வேண்டும். அதில் முதல் நாள் போக, உங்கள் வேலை தினமும் கால் மணி நேரம். மீதி நேரமெல்லாம் அடுப்பு அணைந்திருக்கும். சீனி மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பொறுமை இருக்கிறவர்கள் மேலே படியுங்கள்.

1. எல்லாத் தோலும் மிட்டாய்க்கு ஆகாது. நிறமுள்ள மேல்தோலில் மணம் இருக்கிறது, அதற்கு அடியில் இருக்கும் வெள்ளைச் சதைதான் சீனியை வாங்கிக்கொள்ளும். ஆகவே வெள்ளைச் சதை கனமாக உள்ள பழமே முதலில் வரும். பம்பளிமாஸ் தோல் விரல் கனம் இருக்கும், அதற்கு ஈடு கிடையாது. அடுத்து நார்த்தங்காய், கப்பலில் வரும் தடித்தோல் ஆரஞ்சு, எலுமிச்சை. கமலா ஆரஞ்சின் தோல் மெல்லியதுதான், ஆனால் அந்த வாசனைக்காகவே செய்யலாம். கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம், காப்பித் தோட்டங்களுக்குள்ளே விளைகிற மலைக் கமலா கிடைத்தால் தோலை ஒரு துண்டுகூட எறியாதீர்கள். நாக்பூர் ஆரஞ்சும் இதே வகைதான். சாத்துக்குடித் தோல் கசப்பு அதிகம், மணம் குறைவு; முதல் தடவைக்கு வேண்டாம். வாழை, அன்னாசி, மாதுளைத் தோல்களில் மிட்டாய்க்கு வேண்டிய சதையே இல்லை. மாந்தோலை யாராவது சிபாரிசு செய்தால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். மாம்பழத் தோலிலும் காம்புப் பாலிலும் சிலருக்கு உதடு வெடித்து அரிப்பு எடுக்க வைக்கும் பொருள் உண்டு.

2. பளபளப்பைக் கண்டு வாங்காதீர்கள். எகிப்திலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வருகிற ஆரஞ்சுகள் வாரக்கணக்கில் கப்பலில் கிடக்க வேண்டியவை. அழுகாமல் இருக்க மேலே மெழுகு பூசுவார்கள், பூஞ்சணக்கொல்லி மருந்தும் சேர்ப்பார்கள். சுளையை மட்டும் தின்னும்போது அதைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. நாம் தின்னப்போவதோ தோலை. ஆகவே உள்நாட்டுப் பழமாகப் பாருங்கள். தோட்டத்திலிருந்து நேராக வந்தது கிடைத்தால் இன்னும் நல்லது. வேறு வழியில்லாமல் மெழுகுப் பழம்தான் என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா கரைத்துப் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அப்படிச் செய்தாலும் எல்லாம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். பழத்தை உரிப்பதற்கு முன்னாலேயே கழுவ வேண்டும். உரித்த பிறகு கழுவினால் அழுக்குத் தண்ணீரை வெள்ளைச் சதை உறிஞ்சிக்கொள்ளும். ஜூஸ் கடைக் கூடையில் குவிந்து கிடக்கும் தோலை இலவசம் என்று வாங்கி வராதீர்கள். அது எத்தனை மணி நேரம் ஈ மொய்த்துக் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

3. ஒரு வீட்டில் ஒரே நாளில் அரைக் கிலோ தோல் சேராது. தின்னத் தின்னச் சேர்த்து, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறையும்போது தோலுக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி உள்ளறைகளைக் கிழித்துவிடும். அதனால் பின்னால் தோல் சீக்கிரம் வேகும், பாகும் எளிதாக இறங்கும். இது நமக்கு லாபம்தான்.

4. சிறுவிரல் அகலத்துக்கு ஒரே சீராக நறுக்குங்கள். ஒன்று மெலிந்தும் ஒன்று தடித்தும் இருந்தால் மெலிந்தது குழைந்துவிடும், தடித்தது வேகாது. வெள்ளைச் சதை முழுவதையும் சுரண்டி எறியச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். கசப்பை எடுக்க வேறு வழி இருக்கிறது. நறுக்கும்போது பக்கத்தில் பேரப்பிள்ளைகள் இருந்தால், ஒரு ஆரஞ்சுத் தோலை எரியும் மெழுகுவத்தி முன்னால் மடித்துப் பிழிந்து காட்டுங்கள். பொறி பொறியாகச் சுடர்விடும். தோலில் உள்ள லிமோனீன் என்ற எண்ணெய் அது. மிட்டாயில் நமக்கு வேண்டிய வாசனையில் பெரும்பங்கு அந்த எண்ணெய்தான்.

5. கசப்பை எடுப்பதில்தான் கைப்பக்குவம் தெரியும். தோலைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்து, கொதி வந்ததும் ஐந்து நிமிஷம் விட்டு, அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டுங்கள். மறுபடி புதுத் தண்ணீர், மறுபடி கொதி. கமலாவுக்கு இரண்டு தண்ணீர் போதும். எலுமிச்சைக்கும் தடித்தோல் ஆரஞ்சுக்கும் மூன்று. பம்பளிமாஸுக்கு மூன்றிலிருந்து நான்கு. அதன் கசப்புக்குக் காரணமான நாரிஞ்ஜின் பச்சைத் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, வெந்நீரில் நன்றாகக் கரையும். எனவே பம்பளிமாஸ் தோலை ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போடுவதைவிட, நாலு தடவை கொதிக்கவைத்துக் கொட்டுவதே பலன் தரும். ஒவ்வொரு தடவையும் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பம்பளிமாஸ் துண்டுகளை உள்ளங்கையில் வைத்து மெல்லப் பிழியுங்கள், கசப்பு நீர் வெளியே வரும். ஆனால் எத்தனை தண்ணீர் மாற்றுகிறீர்களோ அத்தனை வாசனையும் போகும். கசப்பு துளியும் இல்லாமல் எடுத்துவிட்டால் கையில் இருப்பது வெறும் சீனிக் கட்டி. நாக்கின் பின்பக்கத்தில் லேசாகக் கசப்பு நிற்க வேண்டும். ஒவ்வொரு தண்ணீருக்குப் பிறகும் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து நிறுத்துங்கள்.

நார்த்தங்காய்க்கு முதல் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு சேர்க்கலாம். அதை உப்பில் போட்டுக் காயவைப்பது நம் வீடுகளில் பழகிய வேலைதானே. மத்தியதரைக் கடலில் இருக்கிற கார்சிகா தீவில், நார்த்தைக்கு உறவான சிட்ரன் என்னும் பெரிய காயை உப்புநீரில் ஊறவைத்து, பிறகு உப்பைப் போக்கிச் சீனி ஏற்றுகிறார்கள். நாம் உப்போடு நிறுத்திக்கொண்டோம், அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள்.

6. இது எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு தடவை படியுங்கள். தோல் முழுக்க வெந்த பிறகுதான் சீனியைக் காட்ட வேண்டும். வெள்ளைச் சதையில் பெக்டின் நிறைய உண்டு. சீனி சேர்ந்த பிறகு அது இறுகத்தான் செய்யும், இளகாது. வேகாத தோலைப் பாகில் போட்டுவிட்டு, கொதிக்கக் கொதிக்க மெதுவாகிவிடும் என்று காத்திருப்பது வீண். கடைசித் தண்ணீரில், அடுப்பைக் குறைத்துவைத்து, நகத்தால் அமுக்கினால் தடையில்லாமல் இறங்கும்வரை வேகவிடுங்கள். கமலாவுக்குப் பதினைந்து நிமிஷம், தடித்தோலுக்கு அரை மணிக்கு மேலும் ஆகலாம். கடிகாரத்தைவிட நகத்தை நம்புங்கள்.

7. அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் போதும். ஈயம் பூசாத பித்தளை, அலுமினியம் வேண்டாம், புளிப்பு இரண்டையும் அரிக்கும்.

8. இப்போது பாகு. வெந்து வடிந்த தோலை நிறுங்கள். அரைக் கிலோ தோல் இருந்தால் அரைக் கிலோ சீனி, அரை லிட்டர் தண்ணீர். சீனி கரைந்து கொதித்ததும் தோலைப் போட்டு, சிறு தீயில் பத்து நிமிஷம் வைத்து, அணைத்துவிடுங்கள். தோல் மிதக்கும், மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி, மூடிவைத்து, மறுநாள்வரை தொடாதீர்கள்.

ஏன் முதலிலேயே கெட்டிப் பாகு கூடாது என்று கேட்பீர்கள். வெந்த தோலுக்குள் நிறைந்திருப்பது தண்ணீர். வெளியே பாகு கெட்டியாக இருந்தால் உள்ளே உள்ள தண்ணீர் வேகமாக வெளியே ஓடிவரும், சீனி அந்த வேகத்துக்கு உள்ளே போகாது. தோல் சுருங்கி வார் மாதிரி ஆகிவிடும். ஒருதடவை சுருங்கிய தோல் பிறகு எத்தனை நாள் ஊறினாலும் விரியாது. இளம்பாகில் ஆரம்பித்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கிக்கொண்டே போனால், வெளியே போகிற தண்ணீருக்கு ஈடாகச் சீனி உள்ளே வந்து உட்கார நேரம் கிடைக்கும். தோல் உப்பலாகவே இருக்கும்.

இரண்டாம் நாள் தோலை வடிதட்டில் எடுத்துவிட்டு, பாகை மட்டும் ஏழெட்டு நிமிஷம் கொதிக்கவிட்டு, தோலை மறுபடி போட்டு ஒரு கொதி வந்ததும் அணைத்துவிடுங்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் அப்படியே. நான்காம், ஐந்தாம் நாளில் பாகு தேன் மாதிரி கரண்டியிலிருந்து நிதானமாக ஒழுகும். துண்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள்: வெள்ளையாக, சுண்ணாம்பு நிறத்தில் இருந்த சதை முழுக்க ஒளி ஊடுருவ வேண்டும். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் ஒரு நாள். பிரான்சில் ஆப்ட் என்ற ஊர் சீனியூட்டிய பழங்களுக்குப் பேர்போனது. அங்கே முழுப்பழத்துக்குச் சீனி ஏற்ற வாரக்கணக்கில் ஆகும். நமக்குத் தோல் மட்டும்தானே, ஐந்து நாளில் முடிகிறது.

ஒரு எச்சரிக்கை. முதல் இரண்டு மூன்று நாள் பாகு இளசாக இருக்கும். நம் ஊர் வெக்கையில் ஒருநாள் கொதிக்கவைக்க மறந்தால் நுரை கட்டிப் புளித்துவிடும். வெளியூர் போகிற வேலை இருந்தால் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

9. மூன்றாம் நாள் பாகில் அரை மூடி எலுமிச்சைச் சாறு விடுங்கள். புளிப்பும் சூடும் சேர்ந்து சீனியில் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாகப் பிரிக்கும். பிரிந்த சர்க்கரை கலந்திருந்தால் பாகு மணல்மணலாக உறையாது, மிட்டாய் மாதக்கணக்கில் மெதுவாக இருக்கும். இது பாட்டி வைத்தியம் மாதிரித் தோன்றலாம், ஆனால் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது: சீனியூட்டிய பழத்திலும் தோலிலும் மொத்தச் சர்க்கரை 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அதில் 25 சதவீதமாவது இப்படிப் பிரிந்த சர்க்கரையாக இருக்க வேண்டும். முதல் எண் கெட்டுப்போகாமல் இருக்க, இரண்டாவது எண் கரகரக்காமல் இருக்க. பாகு கொதிக்கும்போது கரண்டி போட்டுக் கிளறாதீர்கள், பாத்திரத்தைப் பிடித்து ஆட்டினால் போதும். ஓரத்தில் படிகிற சீனியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அந்தப் பொடி உள்ளே விழுந்தால் மொத்தப் பாகும் பூத்துவிடும்.

10. கடைசி நாள் தோலும் பாகும் சேர்ந்தே சிறு தீயில் கொதிக்கட்டும். ஒரு கம்பிப் பதம் வந்ததும் இறக்குங்கள். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு 106 முதல் 108 டிகிரி செல்சியஸ். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே தண்ணீரே 93 டிகிரி அளவில் கொதித்துவிடும். உங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூட்டைப் பார்த்துக்கொண்டு, அதற்கு மேல் ஆறு முதல் எட்டு டிகிரி என்று கணக்கு வையுங்கள். பாகு மேலே பட்டால் வெந்நீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டே சுடும். இந்த வேலை நடக்கும்போது குழந்தைகள் அடுப்பங்கரையில் வேண்டாம்.

11. உலர்த்துவதற்குக் கம்பி வலையோ சல்லடையோ எடுத்து, அடியில் தாம்பாளம் வைத்து, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில், ஒன்றிரண்டு நாள். நேர் வெயில் நிறத்தை வெளுக்கவைக்கும். மெல்லிய வேட்டித் துணியால் மூடுங்கள். தாம்பாளத்தைத் தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டின் நடுவில் ஒரு கிண்ணத்தின் மேல் தூக்கிவைத்தால் எறும்பு வராது. விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் பிசுபிசுப்பு இருக்கும் நேரத்தில்தான் சீனியில் புரட்ட வேண்டும். ஈரமாக இருந்தால் சீனி கரைந்து வழியும், காய்ந்துவிட்டால் ஒட்டாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் உலராது. அப்போது உலர்த்தவே முயலாதீர்கள். பாகோடு கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, தை பிறந்து காற்று காய்ந்த பிறகு வடித்து உலர்த்துங்கள். காத்திருந்த தோல் இன்னும் நன்றாகவே இருக்கும்.

12. தர்பூசணி தனி ரகம். கசப்பு எடுக்கிற வேலையே இல்லாததால் முதன்முதலில் செய்கிறவர்கள் இதில் கைபழகலாம். பச்சை மேல்தோலைச் சீவி எறிந்து, சிவப்புச் சதையையும் நீக்கி, நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியை மட்டும் எடுங்கள். சிறு சிறு சதுரமாக, துவரம்பருப்பைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக நறுக்குங்கள். கடையில் டூட்டி ஃப்ரூட்டி என்று விற்பது பெரும்பாலும் பப்பாளிக்காய், செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான். துண்டுகள் உடையாமல் கடிபட வேண்டுமானால் வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு லிட்டர் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு கரைத்து, தெளியவிட்டு, தெளிந்த நீரில் மட்டும் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நாலைந்து தண்ணீர் மாற்றி நன்றாக அலசுங்கள். சுண்ணாம்பில் உள்ள கால்சியம் பெக்டினைப் பிணைத்து இறுக்கும். ஆக்ராவில் வெண்பூசணியில் பேட்டா செய்கிறவர்களும் பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில்தான் போடுகிறார்கள். பிறகு வெந்நீரில் பத்து நிமிஷம் வேகவைத்து வடித்து, அரைக் கிலோ துண்டுக்கு 300 கிராம் சீனி போட்ட இளம்பாகில் ஊறவிட்டு, இரண்டு நாள் பாகைக் கெட்டியாக்கி, மூன்றாம் நாள் ஒரு கம்பிப் பதத்தில் இறக்கினால் போதும். நிறத்துக்குப் பீட்ரூட் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள். கொதியில் விட்டால் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். கோடையில் ஒரு பழம் அறுத்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது. அதைப் பார்க்கவே எனக்கு மனசு பொறுப்பதில்லை.

13. சீனிக்குப் பதில் கருப்பட்டியோ வெல்லமோ போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம். காற்றில் உள்ள ஈரத்தை அவை அதிகம் இழுக்கும், மிட்டாய் பிசுபிசுத்தே இருக்கும். ஆரஞ்சு வாசனை கருப்பட்டி வாசனையில் அமுங்கிப்போகும். பம்பளிமாஸில் மட்டும் அந்தச் சேர்க்கை எனக்குப் பிடிக்கும். உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சர்க்கரை நோயாளிக்குக் கொடுத்துவிடாதீர்கள். வெல்லம் போட்டாலும் முக்கால் பங்கு இனிப்பு இனிப்புதான்.

14. ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டால் வெளியிலேயே ஓரிரு மாதம் நிற்கும், ஃப்ரிட்ஜில் இன்னும் நாள்படும். மேலே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் விரலால் தொடுங்கள். கரகரவென்று இருந்தால் அது பூத்த சீனி, தாராளமாகச் சாப்பிடலாம். பஞ்சு மாதிரி இருந்தால் பூஞ்சணம். அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போட்டால் போதாது, பாட்டிலையே கொட்டிவிடுங்கள்.

15. மிஞ்சிய பாகைக் கொட்டினால் எனக்குக் கோபம் வரும். ஐந்து நாள் தோலின் வாசனையை வாங்கிய பாகு அது. எலுமிச்சைச் சர்பத்துக்கு, கேசரிக்கு, பால் இல்லாத டீக்கு ஊற்றலாம். அடுத்த தடவை தோலுக்கு அதையே தண்ணீர் விட்டு இளக்கி, தொடக்கப் பாகாகவும் வைத்துக்கொள்ளலாம். மிட்டாயைப் பொடியாக நறுக்கி ரவா கேசரியில் திராட்சைக்குப் பதில் போட்டுப் பாருங்கள். கிறிஸ்துமஸ் கேக் செய்கிற வீடுகளில் இந்தத் தோலை மற்ற உலர்பழங்களோடு ஊறப்போட முன்கூட்டியே வாங்கிவைப்பார்கள். நீங்கள் ஐப்பசியில் செய்த தோலைப் பாகோடு பாட்டிலில் அப்படியே கொடுக்கலாம், கேக்குக்கு உலர வேண்டிய அவசியமில்லை.

16. யாருக்காவது கொடுக்கும்போது பாட்டிலில் பழத்தின் பெயரையும் செய்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். பம்பளிமாஸ் என்றால் கட்டாயம் எழுதுங்கள். கொழுப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள் உடம்பில் கரைந்து வெளியேறுவதை அந்தப் பழத்தில் உள்ள ஒரு பொருள் தடுத்துவிடும். மாத்திரையின் வேகம் தேவைக்கு மேல் கூடிவிடும், தோலிலும் அந்தப் பொருள் உண்டு. வாங்குகிற வீட்டில் தினமும் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் இருந்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவர்களுக்குக் கமலாத் தோல் பாட்டிலைக் கொடுங்கள்.